கரியக்காவுக்கு வந்த சுள்ளிக்கட்டு

அந்த ஆய்வுக்கூடத்தில் சிரிக்கக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. விதி ஒரே ஒருத்திக்கு மட்டும்தான். மற்றவர்கள் இருமலாம், தும்மலாம், மேசையைத் தட்டிச் சண்டைகூடப் போடலாம். கரியக்கா மட்டும் சிரிப்பு வந்தால் எழுந்து, கதவைத் திறந்து, மாடிப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வர வேண்டும்.

விதி சும்மா வந்துவிடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், பாலைவன மணலுக்கடியில் நாலாயிரம் வருஷம் பத்திரமாகக் கிடந்த வாற்கோதுமை மணிகளைத் தட்டில் பரப்பி, நுனி மெலிந்த தூரிகையால் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் தீயில் கரிந்த மணிகள். ஊதினால் பறக்கும், அழுத்தினால் பொடியாகும். அந்த நேரம் பார்த்துக் கூடத்தின் தலைவி, எல்லாரும் டாக்டரம்மா என்று கூப்பிடுகிறவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு மேசை மேசையாகக் கண்ணாடியைத் தேடினார். கரியக்கா உதட்டைக் கடித்துப் பார்த்தாள். தொடையைக் கிள்ளிப் பார்த்தாள். முடியவில்லை, மூக்கு வழியாக வெடித்தது. நாலாயிரம் வருஷத்து அறுவடை ஜன்னல் வரைக்கும் போனது. கூடமே மண்டியிட்டுத் தரையில் தவழ்ந்து பொறுக்கியது. கடைசி மணி டாக்டரம்மாவின் கொண்டையிலிருந்து கிடைத்தது.

"இனிமே சிரிப்பு வந்தா வெளிய போய் சிரிச்சிட்டு வாம்மா" என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டு அவரே மாடிப்படிக்குப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு வந்தார்.

கரியக்காவுக்கு இது பிறவிக்கோளாறு. சந்தோஷம் வந்தாலும் சிரிப்பு, பயம் வந்தாலும் சிரிப்பு, அழ வேண்டிய இடத்திலும் சிரிப்புதான் முந்திக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்க மேடையேறி, சிரித்துச் சிரித்துப் பரிசை வாங்காமலே இறங்கி வந்தவள். வரன் பேச வந்தவர்களில் ஒருத்தர் ரொம்பக் கம்பீரமாகத் தொண்டையைச் செருமிவிட்டு "எனக்குக் கொள்கைகள் உண்டு" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். அவர் கொள்கை என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இப்படியே ஒவ்வொன்றாகத் தட்டிப்போய், நாற்பதைத் தாண்டியும் தங்கை வீட்டு மாடியறையில் இருந்தாள். அதில் அவளுக்குப் பெரிய குறையும் இல்லை. கல்லூரியில் தாவரவியல் படித்தவள், கரித்துண்டுகளைப் பார்த்த நாளிலேயே அவற்றோடு வாழ்க்கைப்பட்டுவிட்டாள் என்று தங்கை சொல்லுவாள்.

அந்தத் தங்கை மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அக்கா என்ன வேலை செய்கிறாள் என்று தெருவில் யாராவது கேட்டால் பெருமையாகச் சொல்லுவாள்: "எங்கக்கா கரி பார்க்கறா." விளைவு, எதிர்வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாத்திரத்தோடு வந்து நின்றார். "நல்ல எளங்கறியா ஒரு கிலோ கிடைக்குமாம்மா?" கரியக்கா மாடிப்படிக்கு ஓடினாள். அது தங்கை வீட்டு மாடிப்படி. எங்கே போனாலும் அவளுக்கு ஒரு மாடிப்படி தேவைப்பட்டது.

அவள் பார்த்தது அடுப்புக்கரி. எந்தக் காலத்திலோ பாலைவனத்தில் யாரோ மூட்டிய அடுப்பின் கரி. ஒரு துண்டை எடுத்து விரலால் சுள்ளென்று ஒடித்து, புதிதாக வந்த முகத்தை நுண்ணோக்கியின் கீழே வைத்தால், மரம் உயிரோடு இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே உள்ளே தெரியும். சின்னச் சின்ன ஓட்டைகள், வரிகள், வளையங்கள். வேல மரத்துக்கு ஒரு முகம், இலந்தைக்கு ஒரு முகம், பேரீச்சைக்கு முற்றிலும் வேறொரு முகம். மரமே இல்லாத இடத்தில் என்ன மரத்தை எரித்தார்கள், எங்கிருந்து கொண்டுவந்தார்கள், என்ன தின்றார்கள் என்பதெல்லாம் அதிலிருந்து தெரியவரும்.

ஆனால் ஒரு சங்கதி. கரியைப் பார்த்து மரத்தைச் சொல்ல வேண்டுமானால், தெரிந்த மரத்தை நாமே கரியாக்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். போலீஸ் நிலையத்தில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்து அடையாளம் காட்டச் சொல்வது மாதிரிதான். அதனால் கரியக்காவுக்குச் சுள்ளிப் பைத்தியம் பிடித்தது. தெருவில் யார் வீட்டில் கிளை வெட்டினாலும் போய் நின்றாள். வீட்டில் கரண்டிக் காம்பு உடைந்தால் தங்கை திட்டும் முன்பே அது அவள் பைக்குள் போயிருக்கும். தாளில் சுற்றி, மணலில் புதைத்து, கூடத்துச் சின்ன உலையில் வைத்துச் சுடுவாள்.

"அண்ணி, இந்த நாற்காலி இன்னும் உடையல" என்று தங்கை புருஷன், அவள் வரும்போதெல்லாம் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு சொல்லுவார். "லேசா ஆடுது, அவ்வளவுதான்."

"ஆடினா சொல்லுங்க மாப்பிள்ளை, நான் எங்கயும் போகமாட்டேன்."

அலமாரி நிறையக் கரி சேர்ந்தது. இருந்தும் அவளை ஏமாற்றிய ஒன்று உண்டு. பாலைவனத்தின் நடுவே பழைய காலத்தில் வணிகக் கூட்டங்கள் தங்கிப்போன ஓர் இடத்தில், அடுப்புக்குழி தவறாமல் கிடைத்த ஒரு கரி. அகலமான ஓட்டைகள், மெல்லிய சுவர், தொட்டாலே உதிரும். அலமாரியில் இருந்த எதோடும் ஒத்துப்போகவில்லை. அடையாளம் தெரியாதவற்றுக்கு எண் போட்டு வைப்பது வழக்கம். இதற்குப் பெயர் 'தெரியாதது ஏழு'. மற்ற ஆறும் ஒவ்வொன்றாகப் பிடிபட்டுவிட்டன. ஏழு மட்டும் வருஷக்கணக்காக அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

வருஷத்தில் வெயில் தாழ்ந்த மாதங்களில் கூடமே மூட்டை கட்டிக்கொண்டு அந்தப் பாலைவனத்துக்குப் போகும். கூடாரங்கள், மணல், காற்று. அங்கே ஒரு பெரிய இரும்புத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அடுப்புக்குழி மண்ணைக் கொட்டிக் கலக்குவார்கள். மண் அடியில் போகும், கரிந்த விதையும் கரியும் மேலே மிதந்து வரும். மெல்லிய துணியில் வடித்துக் காயவைத்தால் வேலை தயார். அதற்கும் குடிப்பதற்கும் சேர்த்துத் தண்ணீர் லாரி ஒன்று மலையடிவாரத்து ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும். அதை ஓட்டியவரை முகாமில் எல்லாரும் 'தண்ணி அண்ணே' என்றார்கள். வாட்டசாட்டமான ஆள், ஆனால் பேச்சு வராது. வாயிலிருந்து ஒரு வாக்கியம் வெளியே வருவதற்குள் லாரி பாதி நிரம்பிவிடும்.

அப்படிப்பட்டவரையே பேச வைத்தது அந்தத் தொட்டி. தான் அத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு வந்த தண்ணீரில் ஒரு பெண் மண்ணைக் கொட்டிக் கலக்குவதை முதல்முறை பார்த்தபோது ஓடியே வந்துவிட்டார்.

"என்ன மேடம் இது! குடிக்கத் தண்ணியில்லாத இடத்துல மண்ணைக் குளிப்பாட்டறீங்க!"

கரியக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வெட்டவெளி, அங்கே விதி செல்லாது. சிரித்து முடித்து, துணியில் தங்கியதிலிருந்து ஒரு கறுப்புப் பொட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"பாருங்கண்ணே. திராட்சை விதை. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்க உட்கார்ந்து ஒருத்தர் தின்னுட்டுத் துப்பினது."

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். "அப்ப இவங்களுக்குத் தண்ணி யாரு கொண்டு வந்தது?"

எத்தனையோ அறிஞர்கள் அந்த விதையைப் பார்த்திருக்கிறார்கள். எந்த ஊர்த் திராட்சை, காய்ந்ததா, பச்சையா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கரியக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"உங்கள மாதிரி ஒருத்தர்தான் அண்ணே. லாரிக்குப் பதிலா கழுதை வச்சிருந்திருப்பார்."

"வழியில வண்டி படுத்துக்கிட்டா?" என்றார் அவர், ரொம்பக் கவலையோடு. "பாவம், என்ன பண்ணியிருப்பாரு!"

அன்றைக்கு அவருக்கு நுண்ணோக்கியில் ஒரு கரித்துண்டைக் காட்டினாள். இந்த ஓட்டையெல்லாம் மரம் வேரிலிருந்து நீர் ஏற்றும் குழாய்கள் என்றாள். அவர் ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முகமெல்லாம் பல். "மரமும் நம்ம தொழில்தானா மேடம்!"

அதற்குப் பிறகு அவர் கைவீசிக்கொண்டு வந்ததே இல்லை. லாரி போகும் இடமெல்லாம், சாலை போடும் இடம், கல் உடைக்கும் இடம், மலைச்சரிவு என்று எங்கே எந்த மரம் கண்ணில் பட்டாலும் ஒரு சுள்ளி ஒடித்து, கயிறு போட்டுக் கட்டி, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்து எடுத்துவந்தார். எடுத்த இடத்தை வாயால் சொல்லுவார், அவள் எழுதிக்கொள்ளுவாள். முகாம் முடிந்து நகரத்துக்குத் திரும்பிய பிறகும் மாதம் ஒருமுறையாவது லாரி ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நிற்கும். ஊரில் மற்ற ஆண்கள் பூ வாங்கிப் போவார்கள். இவர் சுள்ளி கொண்டுவந்தார். ஊரில் மற்ற பெண்கள் வந்ததைப் பத்திரப்படுத்துவார்கள். இவள் வாங்கிய கையோடு அடுப்பில் வைத்தாள். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. புரியாதவள் கரியக்கா ஒருத்திதான்.

ஒருநாள் மத்தியானம் அவர் மாடியேறி வந்தார். தேய்த்த சட்டை. தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது. கையில் வழக்கம்போல ஒரு கட்டு. ஆனால் உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார்.

"வாங்கண்ணே, என்ன இன்னிக்கு?" என்றாள் கரியக்கா.

'அண்ணே' என்றதும் காற்றுப்போன டியூப் மாதிரி ஒரு சுற்று சுருங்கினார். பிறகு எதிர்ச்சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்து ஒப்பித்தார். "எங்கக்கா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. அதாவது... எனக்கும்தான். உங்களுக்குச் சம்மதம்னா... நாம கட்டிக்கலாமான்னு."

கரியக்காவுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் ஏதோ ஒன்று ஜிவ்வென்று ஓடியது. இத்தனை நாளும் மாதக் கடைசியில் லாரிச் சத்தத்துக்குக் காது ஏன் தானாக நீண்டது, எந்தச் சுள்ளிக்கும் இல்லாத மதிப்பு இந்த ஆளின் சுள்ளிக்கு ஏன் வந்தது, எல்லாம் அந்த ஒரு நொடியில் விளங்கிப்போனது. விளங்கியதும் வாயைத் திறந்தாள். என்ன வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிரித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் தளும்பத் தளும்பச் சிரித்தாள், நிறுத்தப் போய் விக்கல் வந்து விக்கலோடு சேர்த்துச் சிரித்தாள்.

அவர் சுள்ளிக்கட்டை மேசையோரம் மெதுவாக வைத்தார். எங்கே எடுத்தது என்றுகூடச் சொல்லாமல் திரும்பிப் படியிறங்கிவிட்டார். இவள் சிரிப்பும் விக்கலுமாக, "நில்... ஹிக்... நில்லுங்க" என்று தெருவுக்கு ஓடிவருவதற்குள் லாரி முனை திரும்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னாள். தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒரு மனுஷன் வாயைத் திறந்து கல்யாணம் கேட்டிருக்கான், அவன் மூஞ்சிக்கு நேரா சிரிச்சியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா! சரி, ஆள் யாரு? என்ன பண்றார்?"

"தண்ணி வண்டி."

"கடவுளே! குடிகாரனா?"

"ஏய், தண்ணி வண்டி ஓட்டறார்டி!"

"ஓட்டறவரா! ஒழுங்கா சொல்லக்கூடாதா? ஒரு நிமிஷத்துல உசுரே போயிடுச்சு." தங்கை ஆசுவாசமாக மூச்சு விட்டாள். "உனக்குப் பிடிச்சிருக்கா?"

கரியக்காவின் முகம் குங்குமமாகச் சிவந்துவிட்டது.

"அது போதும். முதல்ல அந்த மனுஷனை அண்ணே அண்ணேன்னு கூப்பிடறத நிறுத்து. அப்புறம் போனைப் போட்டு விஷயத்தைச் சொல்லு."

போன் போட்டாள். போகவில்லை. பாலைவனத்துக்குள் போய்விட்டால் அவரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. மறுநாளும் போட்டாள், அதற்கடுத்த நாளும் போட்டாள். போனுக்குள்ளிருந்த பெண் ஒரே பதிலைச் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். கை சும்மா இருந்தால் மனம் எங்கெங்கோ போகிறது என்று, அவர் வைத்துவிட்டுப் போன கட்டைப் பிரித்தாள் கரியக்கா. இலையில்லாத, விளக்குமாற்றுக் குச்சி மாதிரியான கொம்புகள். லேசானவை. எந்த மரமென்று தெரியவில்லை. பெருமூச்சோடு உலையில் வைத்தாள்.

ஆறியதும் ஒடித்தாள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

அகலமான ஓட்டைகள். மெல்லிய சுவர். தொட்டால் உதிர்கிறது.

நிமிர்ந்தாள். எழுந்து அலமாரியைத் திறந்து 'தெரியாதது ஏழு' கரியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். ஒன்றைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள். குறுக்கே பார்த்தாள், நெடுக்கே பார்த்தாள். இரட்டைப் பிள்ளைகள்கூட இவ்வளவு ஒத்திருக்க மாட்டார்கள்.

இந்த முறை மாடிப்படிக்குப் போக அவகாசமே கிடைக்கவில்லை. நல்ல வேளையாக மேசைமேல் விதைத்தட்டு எதுவும் இல்லை. அவள் போட்ட சத்தத்தில் டாக்டரம்மா ஓடிவந்து குனிந்து பார்த்தார், அப்புறம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், அப்புறம் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு மேசையைச் சுற்றிச் சின்னப்பிள்ளைகள் மாதிரி ஆடினார்கள். கரிபட்ட கை, ஆடி முடித்தபோது இரண்டு பேர் முகத்திலும் கரி. "என் மூஞ்சில கரியைப் பூசிட்டியேடி!" என்று டாக்டரம்மா கூவினார். அப்படி ஓர் ஆனந்தத்தோடு அந்த வாக்கியத்தை உலகத்தில் வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"எங்க எடுத்ததாம்?"

"சொல்லலையே! சொல்றதுக்குள்ள நான் சிரிச்சிட்டேனே!"

மறுபடி போன் போட்டாள். அதிசயம், மணி அடித்தது. எடுத்தார். ஆனால் காற்றும் கரகரப்பும் கலந்து, பாதி பாதியாகத்தான் கேட்டது. கல்யாண விஷயத்தை இந்த இரைச்சலில் பேச முடியாது, நேரில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு கத்தினாள்: "நீங்க வச்சிட்டுப் போனது... சரிதான்! சரியா இருக்கு! கேக்குதா? உடனே கிளம்பி வாங்க! நேர்ல பார்த்து முடிவு பண்ணிடலாம்!"

அந்தப் பக்கம் 'சரி' வந்து சேர்ந்தது. 'உடனே வாங்க' வந்து சேர்ந்தது. 'முடிவு பண்ணிடலாம்' கணீரென்று வந்து சேர்ந்தது.

இரண்டாம் நாள் காலையில் ஆய்வுக்கூடத்து வாசலில் லாரி வந்து நின்றது. கழுவி, துடைத்து, பளபளவென்று. ஓட்டுநர் பக்கத்திலிருந்து அவர் இறங்கினார். மறுபக்கத்திலிருந்து, விசேஷ வீட்டுக்கு உடுத்தும் புடவையும் கையில் இனிப்புப் பெட்டியுமாக ஓர் அம்மாள் இறங்கினார். அவருடைய அக்கா. தையற்கடை வைத்திருப்பவர். கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தார்.

கரியக்கா தடதடவென்று படியிறங்கி வந்தாள். காலில் முட்டு வரைக்கும் பூட்ஸ், தலையில் தொப்பி, முதுகில் மூட்டை, கையில் ஒரு ரம்பம்.

"வந்துட்டீங்களா! கிளம்பலாமா?"

தையற்காரம்மா ரம்பத்தைப் பார்த்தார். "எங்கம்மா கிளம்பறது?"

"மரத்தைப் பார்க்கத்தான்! மரத்தைப் பார்க்காம எதையும் உறுதியா சொல்ல முடியாதுங்களே."

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வழக்கம் இருக்கும் என்று தையற்காரம்மா மனதைத் தேற்றிக்கொண்டார் போலும். மறுபேச்சில்லாமல் மறுபடி லாரியில் ஏறி நடுவில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் தம்பி, இந்தப் பக்கம் ரம்பத்தோடு பெண். எந்த மலை, எந்தக் கணவாய் என்று கரியக்கா கேட்க, அவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார். காது மட்டும் சிவந்திருந்தது. இவள் கூப்பிட்டது சுள்ளிக்காக என்று முதல் மைல்கல்லிலேயே தனக்குப் புரிந்துவிட்டதாகவும், அக்காவிடம் சொல்லத் தைரியம் வராமல் ஓட்டிக்கொண்டே இருந்ததாகவும் பின்னால் ஒத்துக்கொண்டார்.

"எங்க தம்பி கேட்டது உங்களுக்குப் பிடிச்சுதாம்மா?" என்று ஆரம்பித்தார் தையற்காரம்மா.

லாரி இரைச்சலில் 'கேட்டது' கரியக்காவுக்குக் 'கொடுத்தது' என்று விழுந்தது. "பிடிச்சுதாவா! எரிச்சுப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடலங்க!"

"எரிச்சா?"

"எரிச்சாத்தானே உண்மை தெரியும்."

தையற்காரம்மா இனிப்புப் பெட்டியை மடியில் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். "உங்க பக்கம் பெரியவங்க யார்கிட்ட பேசணும்?"

"டாக்டரம்மாகிட்ட சொல்லியாச்சு. அவங்க ஆட்டமே போட்டாங்க. ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதணும், வெளிநாட்டுக்குக்கூட எழுதிடணும்னு சொல்லிட்டாங்க."

"வெளிநாட்டுக்குமா!" தையற்காரம்மாவுக்குச் சம்பந்தத்தின் அந்தஸ்து சட்டென்று உயர்ந்துவிட்டது. "அவ்வளவு பேரைக் கூப்பிட்டா நம்மால தாங்குமா தம்பி?"

தம்பி கியரை மாற்றினார்.

"எல்லாம் இவராலதான்" என்றாள் கரியக்கா. அண்ணே என்று சொல்லக்கூடாது என்று தங்கை உத்தரவு. வேறு என்ன சொல்லுவது என்று தெரியாமல் வாயில் வந்தது அது. 'இவர்' என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் தையற்காரம்மாவின் முகம் மலர்ந்ததே, பார்க்க வேண்டும். ரம்பத்தைக்கூட மன்னித்துவிட்டார்.

கணவாய் வந்தது. இரண்டு பக்கமும் செந்நிறப் பாறை, நடுவே காய்ந்த ஓடை. அவர் முன்னால் நடந்து கையைக் காட்டினார். பாறை இடுக்கில் வெளிறிய ஒரு மரம். இலையே இல்லாத நீள நீளக் காம்புகள் விளக்குமாறு மாதிரி தொங்கின. நடுநடுவே, காற்றில் ஆடிக்கொண்டு, குச்சி குச்சியாய்க் காய்கள்.

கரியக்கா நின்றாள். காயைப் பார்த்தாள். தொப்பி கழன்று விழுந்தது.

"முருங்கை!"

"என்னது?" என்றார் தையற்காரம்மா, பின்னால் மூச்சிரைக்க வந்தபடி.

"முருங்கைங்க! நம்ம முருங்கைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி! காட்டு முருங்கை! அடுப்புக்கு ஆகாத கட்டையாச்சேன்னு ஒருத்தர்கூட நினைச்சுப் பார்க்கலையே! நானும் நினைக்கலையே!"

சொல்லிக்கொண்டே ஏற ஆரம்பித்துவிட்டாள். முருங்கைக் கொம்பு ஒடியும் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். தாவரவியல் படித்தவளுக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. பாறையில் ஒரு கால், அடிமரத்தில் ஒரு கால் என்று தொற்றி ஏறி, ஒரு காயைப் பறித்து உடைத்தாள். உள்ளே முக்கோண விதைகள். இதே போன்ற ஓடுகள், கரிந்து நொறுங்கியவை, அடுப்புக்குழி மண்ணில் கிடைத்து, என்னவென்று தெரியாமல் ஒரு புட்டியில் கிடந்தன. விதையை ஆட்டி எண்ணெய் எடுத்திருக்கிறார்கள்! காய் பறிக்க வந்தவர்கள் கொம்பையும் ஒடித்துக் கொண்டுபோய் அடுப்பில் போட்டிருக்கிறார்கள்! மேலே நின்றுகொண்டு இதையெல்லாம் மலைக்குச் சொன்னாள். மலை இரண்டு தடவை திருப்பிச் சொன்னது.

தையற்காரம்மா கீழே இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏன் தம்பி, முருங்கை மரம் ஏறினது வேதாளம்தானே? பொண்ணும் ஏறுமா?" என்று கேட்டுவிட்டு, அண்ணாந்து குரலை உயர்த்தினார். "அம்மா! மரத்தைப் பார்த்தாச்சு. இப்பவாவது பதில் சொல்லுங்க. என் தம்பிக்கு வெயில்ல மயக்கமே வருது!"

"எதுக்குங்க பதில்?"

"கல்யாணத்துக்கு!"

கரியக்கா அப்போதுதான் கீழே பார்த்தாள். புடவையைப் பார்த்தாள், இனிப்புப் பெட்டியைப் பார்த்தாள், கழுவிய லாரியைப் பார்த்தாள், தேய்த்த சட்டையில் பாறை நிழலில் ஒண்டி நின்றுகொண்டு தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தாள். எல்லாம் ஒன்றாக விளங்கியது.

"அதுக்கு அன்னிக்கே பதில் சொல்லிட்டேனே!"

"எங்க சொன்னீங்க? சிரிச்சீங்கன்னு வந்து அழுதான்!"

"ஐயோ, எனக்கு சந்தோஷம் தாங்கலன்னா அப்படித்தாங்க வரும்! சம்மதம்! அன்னிலேர்ந்து இல்ல, ரெண்டு வருஷமாவே சம்மதம், எனக்குத்தான் தெரியல!"

நிழலில் நின்றவர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் எழுந்த சிரிப்பைப் பார்த்த வேகத்தில் கரியக்காவின் கால் வழுக்கியது. கொம்பு முறிந்தது. கொம்பு, காய், ரம்பம், கரியக்கா எல்லாம் சேர்ந்து வந்து அவர் மேல் இறங்கின. ரம்பம் மட்டும் நல்ல புத்தியோடு தள்ளி விழுந்தது. மணலில் இரண்டு பேரும் உட்கார்ந்து, யார் சிரிப்பு யாருடையது என்று தெரியாதபடி சிரித்தார்கள். பேச்சு வராத மனிதருக்குச் சிரிப்பு இவ்வளவு சத்தமாக வரும் என்று கூடப்பிறந்த அக்காவுக்கே அன்றுதான் தெரிந்தது. தையற்காரம்மா பெட்டியைத் திறந்து முதல் இனிப்பைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். பிறகு கழுத்து நாடாவை உருவி, சிரித்துக்கொண்டிருந்தவளின் தோளை அங்கேயே அளந்தார்.

அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். பதிவாளர் "முழுச் சம்மதம்தானே?" என்று கேட்டபோது கரியக்கா வழக்கம்போல ஆரம்பித்துவிட, அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தங்கை முன்னால் போய், "சார், இது எங்கக்கா பாஷைல ஆமாம்" என்று மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. தங்கை புருஷன் கல்யாணச் சீராக அந்த ஆடுகிற நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

டாக்டரம்மா காட்டு முருங்கையைப் பற்றி ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதினார். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் பேராசிரியர்களுக்கு நடுவே ஒரு தண்ணீர் லாரி ஓட்டுநரும் இருந்தார். அவர் அந்தப் பக்கத்தைக் கண்ணாடித்தாளில் போட்டு லாரிக்குள் ஒட்டிக்கொண்டார்.

இப்போது முகாமுக்குத் தையற்காரம்மாவும் வருகிறார். மிதந்து வருவதை வடிக்கும் துணி ஓரம் பிரிந்து கிடப்பதை ஒருமுறை பார்த்துவிட்டு, "இப்படியா தைப்பாங்க? ஒரு நாகரிகமே ஒழுகிப் போயிடுமே!" என்று கோபப்பட்டு, தையல் இயந்திரத்தையே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கூடாரத்தின் ஒரு மூலையில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. துணி தைத்துக் கை ஓய்ந்த நேரத்தில் மணல் வராத கழுத்து வைத்த சட்டை ஒன்றை எல்லாருக்கும் தைத்துத் தருகிறார். சென்ற வாரம் டாக்டரம்மா தன் சட்டையைப் போட்டுக்கொண்டு, கை நீளம் அதிகம் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். "நிமிர்ந்து நில்லுங்க டாக்டரம்மா" என்றார் தையற்காரம்மா, வாயில் ஊசியைக் கவ்வியபடியே. "நீங்க எப்பவும் குனிஞ்சே இருக்கறதால கை நீளமாத் தெரியுது."